பள்ளிக்கும் வேலைக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளியை முடித்த, அல்லது பாதியில் விட்ட பிள்ளைகளைப் பற்றியே இம்முறை அதிகக் கடிதங்கள். ஐரோப்பாவின் எந்த நாட்டிலிருந்து எழுதினாலும் கவலை ஒன்றுதான்: பிள்ளை படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? இளைஞர் ஆலோசனை, தொழிற்கல்வி, சமூகப் பணி ஆகிய துறைகளில் இருப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். தொகைகளும் வயது வரம்புகளும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை; அதனால் தேவையான இடங்களில் ஆண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு 17 வயது. பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. அவுஸ்பில்டுங் எண்டுற தொழிற்பயிற்சிக்கு எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டும் ஒண்டும் சரிவரேல்லை. இப்ப செப்டம்பரும் வந்திட்டுது. அடுத்த வருசம் பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ளயே இருக்கிறான். ஒரு வருசம் இருக்கட்டும் எண்டு விடலாமோ?
– ஒரு தாய், டோர்ட்முண்ட்

பதில்: விடாதீர்கள், அம்மா. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் மாநிலமான நோர்த்ரைன் வெஸ்ட்பாலியாவில், தொழிற்பயிற்சி ஒப்பந்தம் இல்லாத பிள்ளைக்கு, 18 வயது நிறைகிற பள்ளியாண்டு முடியும்வரை கட்டாயக் கல்வி தொடர்கிறது. அவன் இந்த ஆண்டு வீட்டில் இருந்தால் அது விடுமுறை ஆகாது. பள்ளிக்கு வராதவன் என்ற பதிவாகும், அபராதக் கடிதமும் வரலாம். ஆகவே இந்த வாரமே அருகிலுள்ள பெரூஃப்ஸ்கொலெக் என்னும் தொழிற்பள்ளிக்குப் போய், தொழிற்பயிற்சிக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பில் இடம் கேளுங்கள். கையோடு அவனது கடைசிச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள்.

அடுத்து, அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான அகென்டூர் ஃபியூர் ஆர்பைட்டின் தொழில் ஆலோசகரிடம் அவனைப் பதிவு செய்ய வேண்டும். பதியும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே “பயிற்சியிடம் தேடுபவர்” என்றும் பதியலாம், “வேலை தேடுபவர்” என்றும் பதியலாம். இரண்டுக்கும் விளைவு வேறு. 18 வயதுவரை கிண்டர்கெல்ட் என்னும் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை எந்த நிபந்தனையும் இல்லாமல் வரும். அதன்பிறகு, பயிற்சியிடம் தேடியும் கிடைக்காதவருக்கு 25 வயதுவரை அது தொடரலாம். வேலை தேடுபவராக மட்டும் பதிந்திருந்தால் 21 வயதோடு நின்றுவிடும். தேடுகிறோம் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அதனால் நிறுவனங்கள் அனுப்பும் மறுப்புக் கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

செப்டம்பரோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பயிற்சி ஆகஸ்ட் 1 அல்லது செப்டம்பர் 1 அன்று தொடங்கினாலும், இடம் நிரம்பாத நிறுவனங்களும் இடம் கிடைக்காத பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் மிஞ்சுகிறார்கள். இலையுதிர் காலத்தில் வர்த்தக, கைவினைஞர் சம்மேளனங்களும் தொழில் ஆலோசகர்களும் இவர்களைச் சேர்த்து வைக்கிறார்கள். ஆலோசகரிடம் இந்தக் காலம் பிந்திய இடத்தேடலைப் பற்றி நேராகவே கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஐன்ஷ்டீக்ஸ்குவாலிஃபிசியரூங் என்னும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் 4 முதல் 12 மாதம்வரை ஊதியத்தோடு பழகும் ஏற்பாடு இது. அதே நிறுவனத்தில் பயிற்சி ஒப்பந்தம் கிடைத்தால் அந்தக் காலத்தின் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. நன்றாக நடந்துகொண்ட பிள்ளையை முதலாளி பெரும்பாலும் விடமாட்டார். பள்ளிப் பாடம் கடினமாக இருந்தால், பயிற்சியின்போது இலவசப் பாட உதவியும் ஒரு துணைப் பணியாளரும் தரும் அசிஸ்டியர்ட்டெ அவுஸ்பில்டுங் உண்டு. இதைக் கேட்காதவர்களுக்கு யாரும் தேடிவந்து சொல்வதில்லை.

இத்தனை விண்ணப்பம் போட்டும் ஏன் கிடைக்கவில்லை? பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே கடிதம் போயிருக்கும். எல்லாம் கார் மெக்கட்ரோனிக், அலுவலகம், கடை விற்பனை என்று எல்லாரும் போட்டியிடும் மூன்று நான்கு தொழில்களுக்கே போயிருக்கும். இன்னொன்று, சான்றிதழின் கீழே “காரணமின்றி வராத மணி நேரங்கள்” என்ற வரி இருக்கும். மதிப்பெண்ணைவிட அதைத்தான் பல முதலாளிகள் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் மறைக்க முடியாது. விண்ணப்பக் கடிதத்திலேயே இரண்டு வரியில் காரணத்தைச் சொல்லி, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் எழுதுவது நல்லது. சிறிய பட்டறைகளுக்கு எழுதிப் போடுவதைவிடத் தொலைபேசியில் அழைத்து, ஒரு வாரம் பிராக்டிக்கும் என்னும் பணிப்பழக்கம் செய்ய வரலாமா என்று கேட்பதே பலன் தரும். குளிர்சாதனம், கூரை வேலை, உலோகத் தொழில், பேக்கரி போன்ற துறைகளில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். 2025இல் தொடங்கிய பயிற்சிக்கு முதலாண்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கொடுப்பனவு மாதம் 682 யூரோவாக இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இது கூடும்.

கேள்வி: மகள் முதலாம் ஆண்டிலேயே பல்கலைக்கழகத்தை விட்டிட்டாள். 19 வயது. நாலு மாதத்துக்குள்ள அரசாங்கம் வேலை குடுக்கவேணும் எண்டு ஐரோப்பியச் சட்டம் இருக்கு எண்டு ஆரோ சொன்னவை. உண்மையோ?
– பாரிஸ் புறநகர் வாசகர்

பதில்: பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் உத்தரவாதம் 2013 ஏப்ரல் 22 அன்று ஒரு பரிந்துரையாக ஏற்கப்பட்டது. படிப்பையோ வேலையையோ விட்ட நான்கு மாதத்துக்குள் வேலை, மேற்படிப்பு, தொழிற்பயிற்சி, பணிப்பழக்கம் ஆகியவற்றில் ஒன்றையாவது தரமானதாக வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருந்தது. 2020 அக்டோபர் 30இல் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று விரித்தார்கள். ஆனால் அது நாடுகளுக்குச் சொல்லப்பட்ட பரிந்துரை. “நான்கு மாதம் ஆகிவிட்டது, வேலை எங்கே?” என்று அதைக் காட்டி வழக்குப் போட முடியாது. பிடித்துக்கொள்ள வேண்டியது உங்கள் நாட்டின் சட்டத்தைத்தான்.

பிரான்சில் முதல் வாசல் மிசியோன் லோக்கால் என்னும் இளைஞர் ஆலோசனை நிலையம். 1982இல் தொடங்கியது, இப்போது நாடு முழுதும் இருக்கிறது. 16 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கானது. அங்கே 2022 மார்ச் முதல் கொன்ட்ரா தாங்காஜ்மோன் ஜ்யூன் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. வாரம் 15 முதல் 20 மணி நேரம் பயிற்சி, நேர்முகப் பழக்கம், நிறுவனப் பழக்கம் என்று நிரப்பப்பட்டிருக்கும். குடும்பத்தின் வரிநிலையைப் பொறுத்து மாதம் 500 யூரோவுக்குச் சற்று மேல்வரை உதவித்தொகை கிடைக்கலாம். வராமல் விட்டால் தொகை குறையும்; தொடர்ந்து விட்டால் நின்றே போகும். கிழமைக்கு 15 மணி நேரம் என்பது கேட்கச் சின்னதாகத் தெரிந்தாலும், மாதக்கணக்கில் வீட்டில் இருந்த பிள்ளைக்கு அது பெரிய மாற்றம். ஆகவே தொடங்கும் முன்பே நேர அட்டவணையை ஆலோசகரோடு சேர்ந்து போடச் சொல்லுங்கள்.

உடனே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மகளுக்கு மாணவர் நல அமைப்பான க்ரூஸின் உதவித்தொகை வந்துகொண்டிருந்தால், வகுப்புக்குப் போகாமல் அதைத் தொடர்ந்து வாங்கக்கூடாது. பின்னால் திருப்பிக் கேட்பார்கள். பல்கலைக்கழகத்திடம் விலகலை எழுத்தில் தெரிவித்து, தேதியிட்ட பதிலை வாங்கி வையுங்கள். மாணவியாகப் பெயர் இருக்கும்வரை மேலே சொன்ன ஒப்பந்தத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

மறுபடி படிக்க விரும்பினால், உயர்கல்விச் சேர்க்கைக்கான இணையதளமான பார்கூர்சூப்பில் விருப்பங்களை ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை பதியலாம். இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் மிச்ச இடங்களுக்கான கட்டத்தைத்தான் நம்ப வேண்டிவரும். அல்தெர்னான்ஸ் முறையில் படிப்பும் வேலையும் சேர்ந்தே கிடைக்கும், 29 வயதுவரை சேரலாம். 18 முதல் 20 வயதுக்குள் இருப்பவருக்கு முதலாண்டில் ஸ்மிக் என்னும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியின் 43 சதவீதம் ஊதியம். 21 ஆனபின் 53 சதவீதம். முதலாளி கிடைக்கும் முன்பே பயிற்சி மையத்தில் வகுப்பைத் தொடங்கி, மூன்று மாதத்துக்குள் முதலாளியைத் தேடிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அந்த மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வகுப்பு தொடங்கும் முன்பே தேடலைத் தொடங்கியவர்களுக்குத்தான் அது போதும்.

கேள்வி: கிரேக்கத்தில் இளைஞர்களில் பாதிப்பேருக்கு மேல் வேலையில்லை என்று ஒரு காலத்தில் படித்தோம். அப்படி ஒரு நாடு எப்படி ஓடியது?
– வாசகர், ஆம்ஸ்டர்டாம்

பதில்: 2013இல் கிரேக்கத்தில் 15 முதல் 24 வயதுக்காரர்களின் வேலையின்மை விகிதம் 58 சதவீதத்தை ஒட்டி இருந்தது உண்மை. ஆனால் அந்த விகிதத்தில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் மட்டுமே கணக்கில் வருவார்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் வரமாட்டார்கள். அந்த வயதில் பெரும்பாலோர் மாணவர்கள். எல்லா இளைஞரையும் வைத்துக் கணக்கிட்டால் வேலை தேடிக் கிடைக்காதவர் ஆறில் ஒருவர் அளவே. அதுவும் கொடுமைதான், ஆனால் பாதிக்கு மேல் என்பது வேறு கதை.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் அதிகம் பார்ப்பது, 15 முதல் 29 வயதுக்குள் படிப்பிலும் வேலையிலும் பயிற்சியிலும் இல்லாதவரின் பங்கை. 2013இல் அது 16 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2024இல் 11 சதவீதம். 2030க்குள் 9 ஆக்குவது இலக்கு. நெதர்லாந்து 5ஐ ஒட்டி நிற்க, ருமேனியா 19ஐ ஒட்டி நிற்கிறது. இந்தக் கணக்கில்தான், வேலை தேடுவதாக எங்கும் பதியாமல் தம்பி தங்கைகளையோ பாட்டியையோ கவனித்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளும் தெரிகிறார்கள். வேலையின்மை விகிதம் அவர்களைக் காட்டுவதே இல்லை.

கேள்வி: நான் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. பெற்றோர் எல்லாருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் ஜிம்னாசியம்தான் வேணும். தேர்வில் தவறின பிள்ளை லேரெ என்கிற தொழிற்பயிற்சிக்குப் போனால் ஊருக்கு முன்னால தலைகாட்ட ஏலாது என்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?
– பேர்ன்

பதில்: ஆசிரியை அவர்களே, பெற்றோர் கூட்டத்தில் முதலில் இதைச் சொல்லுங்கள்: சுவிஸில் கட்டாயப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்கே போகிறார்கள். தோற்றவர்கள் போகும் வழி என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் பொருந்தாது. அந்த எண்ணத்தால் ஓராண்டு, ஈராண்டு வீணாகிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜிம்னாசியத்தில் தள்ளாடி இடையில் வெளியேறும் பிள்ளை, நல்ல லேரெயிடங்கள் எல்லாம் போன பிறகுதான் தேடத் தொடங்குகிறது.

படிகள் இவை. மூன்று அல்லது நான்கு ஆண்டில் கூட்டாட்சித் தகைமைச் சான்றிதழ், அதாவது ஈ.எஃப்.இசட். பாடத்தில் சிரமப்படும் பிள்ளைக்கு ஈ.பி.ஆ என்னும் இரண்டாண்டு அடிப்படைத் தொழிற்சான்றிதழ். அதை முடித்தவர் நல்ல மதிப்பெண்ணோடு ஈ.எஃப்.இசட்டின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஈ.எஃப்.இசட் படிக்கும்போதோ, முடித்தபின் ஓராண்டு முழுநேரமாகவோ பெரூஃப்ஸ்மத்தூரித்தேட் என்னும் மேற்படிப்புத் தகுதிச் சான்றிதழ் எடுத்தால் ஃபாக்ஹோக்ஷூலெ என்னும் செயல்முறைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அதற்கு மேல் பாசரெல் என்ற கூடுதல் தேர்வை எழுதினால் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உட்பட எந்தப் பல்கலைக்கழகக் கதவும் திறக்கும். சமூகத் துறை பிடித்த பிள்ளைக்கு ஃபாக்பெர்சோன் பெட்ரொயூங் என்னும் பராமரிப்புப் பணியாளர் பயிற்சி மூன்றாண்டு. அதன்பிறகு சமூகக் கல்வியியலுக்கோ சமூகப் பணிப் பட்டத்துக்கோ போகலாம். பதினாறு வயதில் முதியோர் இல்லத்திலோ குழந்தைகள் காப்பகத்திலோ வேலை பழகியவர், பின்னால் படிக்கப் போகும்போது அவர் கேட்கும் கேள்வியே வேறு தரத்தில் இருக்கும்.

நாட்காட்டிதான் பெற்றோருக்குத் தெரிவதில்லை. கட்டாயப் பள்ளியின் இறுதிக்கு முந்தைய ஆண்டிலேயே தொழில் தகவல் நிலையத்துக்குப் பிள்ளையோடு போக வேண்டும். அந்த ஆண்டில் ஷ்னுப்பர்லேரெ, அதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு முதல் ஐந்து நாள் பழகிப் பார்ப்பதை, குறைந்தது மூன்று வெவ்வேறு தொழில்களிலாவது செய்ய வேண்டும். இறுதியாண்டு தொடங்கும் ஆகஸ்டில் அடுத்த ஆண்டின் இடங்கள் வெளியாகும். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் சில வாரங்களிலேயே ஆளெடுத்துவிடும். ஜனவரியில் தேடத் தொடங்குவோம் என்று இருப்பவர்களுக்கு அப்போது எஞ்சியிருப்பது வேறு இடங்கள்தான். ஷ்னுப்பர்லேரெயில் முதலாளி தரும் மதிப்பீட்டுத் தாளைக் கட்டாயம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அதுவே சிபாரிசு.

ஒப்பந்தத்தை மாநிலத் தொழிற்கல்வித் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசோதனைக் காலம் ஒன்று முதல் மூன்று மாதம். 20 வயது நிறையும்வரை ஆண்டுக்கு ஐந்து வாரம் விடுமுறை சட்டப்படி உண்டு. நான்கு வாரம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கையெழுத்திட வேண்டாம். ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் நடுவில் முறிகின்றன. காரணம் பெரும்பாலும் தொழில் பிடிக்காதது, அல்லது மேற்பார்வையாளரோடு ஒத்துப்போகாதது. முறியும் போலத் தெரிந்தால், பிள்ளை கோபத்தில் வேலையை விட்டு வெளியேறும் முன்பே மாநிலத்தின் பயிற்சி ஆலோசகரை அழைக்க வேண்டும். அவர் நடுவில் நின்று பேசுவார். முடியாவிட்டால் படித்த காலம் வீணாகாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட முயல்வார். விட்டுவிட்டு வந்தபின் அழைப்பவருக்கும் உதவி உண்டு, ஆனால் அப்போது கையில் எதுவும் இருக்காது. இடமே கிடைக்காதவருக்குப் பள்ளியில் கூடுதலாகப் பத்தாம் ஆண்டும், மோட்டிவேஷன்ஸ் செமஸ்டர் என்னும் இடைக்கால ஏற்பாடும் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் மன்றத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் சில இளைஞர்களைச் சந்திக்க முயல்கிறோம். கதவையே திறக்க மாட்டேன் என்கிறார்கள். முறையான இளைஞர் பணியாளர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்?
– தன்னார்வலர், பேர்கன்

பதில்: பின்லாந்தைப் பார்ப்பது பயனளிக்கும். அங்கே தேடிச்செல்லும் இளைஞர் பணி சட்டத்திலேயே இருக்கிறது. படிப்பை இடையில் விட்டவரின் விவரம் நகராட்சியின் பணியாளருக்குப் போகும். 29 வயதுக்குட்பட்டவரை அவர் வீட்டுக்கே தேடிப் போவார். ஒரே கூரையின் கீழ் வேலை, படிப்பு, வீடு, உடல்நலம் எல்லாவற்றுக்கும் ஆலோசனை தரும் ஓஹ்யாமோ நிலையங்கள் 30 வயதுக்குட்பட்டவருக்கு. உங்கள் நோர்வேயில் மேல்நிலைப் பள்ளியில் இல்லாதவரை 21 வயதுவரை கவனிக்கும் தொடர்பணிச் சேவை மாகாணத்தின் பொறுப்பு. வேலைவாய்ப்பும் நல உதவியும் பார்க்கும் நாவ் அலுவலகத்தில் 2023 ஜூலை முதல் 16 முதல் 30 வயதுக்காரருக்கு இளைஞர் உத்தரவாதமும், நிலையான ஒரு தொடர்பாளரும் உண்டு. மன்றத்தின் வேலை, கதவுக்கும் அந்தத் தொடர்பாளருக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பது. அவர்களின் வேலையைத் தானே செய்வது மன்றத்தின் வேலை அல்ல.

முதல் சந்திப்பில் வேலையைப் பற்றிப் பேசாதீர்கள். அதைப் பற்றித்தான் வீட்டில் தினமும் கேட்டுக் கேட்டு அவன் கதவைச் சாத்தியிருக்கிறான். கையால் எழுதிய ஒரு சிறு தாளில் யார், ஏன், எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிக் கதவடியில் விடுங்கள். அந்த நேரத்துக்குச் சரியாகப் போய், கதவு திறக்காவிட்டாலும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே நேரத்தில் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். வருவேன் என்று சொல்லிவிட்டு ஒருமுறை வராமல் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெற்றோர் மூலம் பேசுவதோ, அவன் சொன்னதை அவனைக் கேட்காமல் பெற்றோரிடம் சொல்வதோ கூடாது.

பேசத் தொடங்கியதும், நாங்கள் பார்க்கிற வரிசை இது. முதலில் பிரிக்காத கடிதங்கள். அநேகமாக ஒரு பை நிறைய இருக்கும். இந்த வாரமே காலக்கெடு முடிபவை, கடன் சார்ந்தவை, மற்றவை என்று அவனோடு சேர்ந்தே பிரியுங்கள். கடன் என்றால் பெரும்பாலும் தொலைபேசி ஒப்பந்தம், போக்குவரத்து அபராதம், இணையக் கொள்முதல். கடன் வசூலிக்கும் இன்காசோ நிறுவனத்தை அழைத்துத் தவணைக்குக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதற்கு நாவின் கடன் ஆலோசனையையும் கேட்கலாம். அடுத்து வதிவிட அட்டை, கடவுச்சீட்டு, வங்கி அடையாளம். இவற்றில் ஒன்று காலாவதியாகியிருந்தால் அதற்கப்பால் எந்தப் படிவமும் நகராது. வேலை தேடும் பேச்சை மாதக்கணக்கில் நடத்திவிட்டு, கடைசியில் அட்டை காலாவதியானது தெரியவருவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது தூக்கம். விடியற்காலை ஐந்து மணிக்குப் படுப்பவனுக்குக் காலை எட்டரைக்குச் சந்திப்பு வைத்தால் அவன் வரமாட்டான். வராதது அவன் கோப்பில் ஒத்துழையாமையாக எழுதப்படும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி முன்னே நகர்த்துங்கள். ஏதாவது ஒரு பட்டறையில், சமையலறையில், சைக்கிள் திருத்தும் இடத்தில் வாரம் இரண்டு அரைநாள் போதும். ஒரு மாதம் தவறாமல் வந்தபிறகே மூன்றாவது நாளைச் சேருங்கள். நன்றாகப் போகிறதே என்று மூன்றாம் வாரத்தில் முழுநேரத்துக்குத் தாவும்போதுதான் அதிகம் முறிகிறது.

நாவுக்கு அனுப்பும்போது தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். கூடவே போய் உட்காருங்கள். முதல் சந்திப்பு முடியும் முன்பே அடுத்த சந்திப்பின் நாள், நேரம், பணியாளரின் பெயர் மூன்றும் தாளில் இருக்க வேண்டும். வேலை கிடைத்ததும் விட்டுவிடவும் கூடாது. முதல் மூன்று மாதமே ஆபத்தானது. முதல் சம்பளம் வருவதற்குள் உதவித்தொகை நின்றால் பேருந்துச் சீட்டுக்கே காசு இருக்காது; இதை முன்கூட்டியே கணக்கிட்டு நாவிடம் கேளுங்கள்.

உயிரை விடுவதாக எந்தச் சொல்லில் பேசினாலும், விளையாட்டாகச் சொன்னது போலிருந்தாலும், அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவில் 116117 எண்ணில் அவசர மருத்துவச் சேவை கிடைக்கும். உடனடி ஆபத்தென்றால் 113. தன்னார்வலர் தனியாகச் சுமக்க வேண்டிய பாரம் அல்ல அது.

கேள்வி: சமூகப் பணியில் முதுகலைப் பட்டத்தை ஐரோப்பாவுக்கு வெளியே முடித்துவிட்டு, இப்போது குடும்பத்தோடு பிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறேன். இங்கே சமூகப் பணியாளராக வேலை செய்ய முடியுமா? வேறு நாட்டில் எளிதா?
– வாசகி

பதில்: முடியும். ஆனால் ஜேர்மனியில் “அரசு அங்கீகாரம் பெற்ற சமூகப் பணியாளர்” என்ற நிலையைத் தருவது மாநில அரசு. உங்களுக்கு ஹெஸ்ஸன் மாநிலத்தின் அதிகார அமைப்பு. இளைஞர் நல அலுவலகமான யூகென்ட்ஆம்ட்டில் பணியாற்ற அந்த அங்கீகாரத்தை எதிர்பார்ப்பார்கள். அதைப் பெறும்வரை அகதிகள் தங்குமிடம், பள்ளித் துணைப்பணி, குடியேறியோர் ஆலோசனை போன்றவற்றை நடத்தும் தொண்டு அமைப்புகளில் உதவிப் பணிகளுக்கு முயலலாம்.

விண்ணப்பம் அதிகம் சிக்குவது மூன்று இடத்தில். பாடத்திட்டத்தைத் தலைப்புகளோடு மட்டும் கொடுப்பது முதலாவது. அவர்களுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் மணி நேரம் வேண்டும். களப்பயிற்சி எத்தனை மணி, எங்கே, யார் மேற்பார்வையில் என்ற கடிதம் இல்லாமல் போவது இரண்டாவது. அந்தக் கடிதத்தைப் படித்த கல்லூரியின் முத்திரையோடு இப்போதே கேட்டு வாங்குங்கள், பேராசிரியர்கள் மாறியபின் கிடைப்பது கடினம். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் அல்லாதவரிடம் மொழிபெயர்ப்பது மூன்றாவது. எல்லாம் சரியாக இருந்தாலும் ஜேர்மன் சட்டமும் நிர்வாகமும் படிக்கவில்லை என்று குறை சொல்வார்கள். அது எல்லாருக்கும் வருவதுதான், சோர்ந்துவிட வேண்டாம். தகவமைப்புப் பயிற்சியோ தேர்வோ செய்து அதை நிரப்பலாம். ஜேர்மன் மொழித் தேர்ச்சி ஐரோப்பிய அளவுகோலில் பி2 நிலைக்குக் குறைந்தால் நடைமுறையில் வேலை நடக்காது. வழக்குக் குறிப்பும் நீதிமன்ற அறிக்கையும் எழுத வேண்டியிருப்பதால் சி1ஐ இலக்காக வையுங்கள். இடைக்காலத்தில் புண்டெஸ்ஃப்ரைவில்லிகன்டீன்ஸ்ட் என்னும் தன்னார்வச் சேவையில் வயது உச்சவரம்பு இல்லை. 27 தாண்டியவர் பகுதிநேரமாகவும் செய்யலாம். உள்ளூர்ச் சொற்களும் அலுவலக நடைமுறையும் அங்கே பிடிபடும்.

வேறு நாடு எளிதா என்றால், ஒவ்வொன்றிலும் வேறு பூட்டு. இங்கிலாந்தில் “சோஷியல் வொர்க்கர்” என்ற பெயரே சட்டப் பாதுகாப்புள்ளது. சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற அமைப்பில் பதியாமல் அந்தப் பெயரில் பணியாற்ற முடியாது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள். அயர்லாந்துக் குடியரசில் கோரு என்ற பதிவு அமைப்பு. பின்லாந்தில் இன்னொரு குழி இருக்கிறது: செயல்முறைப் பல்கலைக்கழகத்தின் சோசியோனோமி பட்டம் படித்தவர் அங்கே சட்டப்படி சமூகப் பணியாளர் ஆகமாட்டார், அதற்கு முதுகலை வேண்டும். பிரான்சில் அசிஸ்தான் த சேர்வீஸ் சோசியால் அரச பட்டயம் மூன்றாண்டு, அதில் ஓராண்டுக்கு நிகரான காலம் களப்பயிற்சி. குடும்பம் பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும்போது ஜேர்மன் வழியையே முடிப்பது புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: 20 வயது. படிப்பு முடிந்தது, வேலை இன்னும் இல்லை. ஐரோப்பிய ஒற்றுமைப் படையில் சேர்ந்து வேறு நாட்டில் தன்னார்வப் பணி செய்தால் பயன் உண்டா, காலம்தான் வீணாகுமா?
– மிலான்

பதில்: தம்பி, சரியான இடத்தைத் தேர்ந்தால் பயன் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்தத் தன்னார்வத் திட்டத்தில் 18 முதல் 30 வயதுவரை சேரலாம். தனியாளாகப் போனால் இரண்டு வாரம் முதல் பன்னிரண்டு மாதம்வரை. பயணச் செலவு, தங்குமிடம், உணவு, காப்புறுதி, மொழிக் கல்வி, கைச்செலவுப் பணம் எல்லாம் திட்டத்திலிருந்தே வரும். கைச்செலவு நாளுக்குச் சில யூரோதான், நாட்டுக்கு நாடு மாறும். சேமிப்புக்கு இது வழியல்ல. வாரத்துக்கு 30 முதல் 38 மணி நேரப் பணி. நீண்ட காலத் தனியாள் சேவை பொதுவாக ஒருமுறைதான் கிடைக்கும். ஆகவே முதலில் வந்த அழைப்புக்கே ஆறுமாதத்தை எழுதிக் கொடுத்துவிடாதே.

அழைக்கும் அமைப்புக்குத் தர முத்திரை இருக்கிறதா என்று ஐரோப்பிய இளைஞர் தளத்தில் பார். விண்ணப்பக் கட்டணம், முன்பணம் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அது விதிக்கு மாறானது, விலகிவிடு. தன் மின்னஞ்சலில் உன் நாளை மணிவாரியாகச் சொல்ல முடியாத அமைப்பு, உன்னைக் கூலியில்லா ஆளாக நடத்தும். எனக்கான வழிகாட்டி யார், முன்பு வந்த தன்னார்வலர் ஒருவரோடு பேசலாமா என்று கேள். பேசவிடாத இடத்துக்குப் போகாதே. முடியும்போது யூத்பாஸ் சான்றிதழை வாங்கத் தவறாதே. அதில் “பல திறன்கள் வளர்ந்தன” என்று எழுதாமல், எத்தனை பேருக்கு எந்தப் பட்டறையை நடத்தினாய், எந்த மொழியில் என்று எழுதினால்தான் வேலை தருபவர் படிப்பார்.

கேள்வி: மகனை மூன்று மாதம் சம்பளமில்லாமல் பணிப்பழக்கத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சரியா?
– ஸ்ட்ராஸ்பூர்க்

பதில்: பிரான்ஸில் சரியல்ல. ஒரே கல்வியாண்டில் ஒரே நிறுவனத்தில் ஸ்தாஜ் என்னும் பணிப்பழக்கம் இரண்டு மாதத்தைத் தாண்டினால், அதாவது வேலை நாளாக எண்ணி 44 நாளை அல்லது 308 மணி நேரத்தைக் கடந்தால், முதல் நாளிலிருந்தே கொடுப்பனவு கட்டாயம். கல்வி நிறுவனமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் ஸ்தாஜே கிடையாது. ஆறு மாதம் உச்சவரம்பு. ரைன் ஆற்றைத் தாண்டி ஜேர்மன் பக்கத்தில் கூப்பிட்டாலோ, படிப்பின் கட்டாயப் பகுதியாக இருந்தால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. தானாக விரும்பிச் செய்வது மூன்று மாதத்துக்கு மேல் போனால் முதல் நாளிலிருந்து பொருந்தும். சரியாக மூன்று மாதம் என்று அவர்கள் எழுதுவதற்குக் காரணம் அதுதான். எந்தப் பக்கம் என்பதையும், ஒப்பந்தத்தில் உள்ள மணிக்கணக்கையும் முதலில் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.